பள்ளம் பாறையிலா, மணலிலா?

பாலாற்றுக்குக் குறுக்கே எடுத்த நில அதிர்வுப் பதிவில் (தரையில் அதிர்வு கொடுத்து, அடியிலிருந்து அலை திரும்பிவரும் நேரத்தைக் குறிப்பது), நடு ஆற்றுக்கு நேர் கீழே ஆழத்து அடுக்கு தொய்ந்து தெரிந்தால் உடனே 'பள்ளம்' என்று எழுதிவிடாதீர்கள். மேலே கிடக்கும் மணல் அந்தத் தொய்வை உண்டாக்கியிருக்கலாம்.

காய்ந்த மணலில் அலை வினாடிக்குச் சுமார் 400 மீட்டர்தான் போகும். 10 மீட்டர் மணலைக் கடக்க 25 மில்லி வினாடி. கரையில் தெரியும் நைஸ் பாறை என்றால், 5000 மீட்டர் வேகத்தில் 2 மில்லி வினாடி போதும். தாமதமாக வரும் அலை, அதிக ஆழத்திலிருந்து வந்ததுபோலப் படத்தில் தெரியும். 40 ஹெர்ட்ஸ் அலைக்கு அரைச் சுற்றே 12.5 மில்லி வினாடி. அந்த அளவு தள்ளிப்போன டிரேஸ்களை (தரையில் வைத்த ஒவ்வொரு ஜியோபோனும், அதாவது அதிர்வு வாங்கியும், பதியும் அலைக்கோடு) கூட்டினால் அலையின் மேடும் பள்ளமும் ஒன்றையொன்று அழித்துவிடும். மேலடுக்கால் வரும் இந்த நேரத் தாமதத்தைச் சரிசெய்வதுதான் ஸ்டாடிக்ஸ் திருத்தம்.

மழைக்காலமும் கணக்கில் சேரும். 2021 நவம்பரில் வந்ததுபோல ஆற்றில் வெள்ளம் வந்தால், நீர் நிறைந்த மணலில் வேகம் 1500-ஐத் தாண்டிவிடும். மே மாதம் போட்ட திருத்தத்தை அப்படியே டிசம்பர் பதிவுக்குப் போடக்கூடாது.

மேலடுக்கின் வேகத்தையும் தடிமனையும் கணக்கிட உதவும் முதல் வருகையை, அதாவது அலை முதலில் வந்து சேரும் நேரத்தை, மென்பொருளே குறித்துக்கொடுக்கும். ஆனால் பெங்களூரு நெடுஞ்சாலை லாரிகளின் அதிர்வு கலந்த இடத்தில் அது ஒரு சுற்று தள்ளிக் குறித்துவிடும். அப்படிப்பட்ட டிரேஸ்களை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்க்காமல் வேறு வழியில்லை. சலிப்பான வேலைதான்.

எஞ்சியதை ரெசிடுவல் ஸ்டாடிக்ஸ் என்னும் அடுத்த சுற்றுத் திருத்தம் பார்த்துக்கொள்ளும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். டிரேஸுக்கு டிரேஸ் தாவும் சின்னப் பிழைகளை அது எடுத்துவிடும். ஜியோபோன் வரிசையின் நீளத்தைவிட அகலமான பிழையை அநேகமாகத் தொடாது. படம் பளிச்சென்று வரும், பொய்த் தொய்வு மட்டும் அப்படியே இருக்கும். எனக்கு அதிகம் பயம் தருவது இந்தப் பளிச்சென்ற படம்தான்.

மேலடுக்கின் வேகத்தை நேரடியாக அளக்கும் அப்ஹோல் துளை போட வசதி இல்லையா? கரைப்பக்கம் பக்கத்து நிலத்தில் போர் போட்டவரிடம் கேளுங்கள்: "கேசிங் எத்தனை அடி இறங்குச்சுண்ணே?" நம் பக்கம் கெட்டிப் பாறை வரும்வரைதான் கேசிங் இறக்குவார்கள். அவர் 60 அடி என்கிறார், உங்கள் மாடலில் மேல்மண்ணும் சிதைந்த பாறையும் சேர்த்து 20 அடிதான் என்றால், அந்த இடத்தின் முதல் வருகைகளை மறுபடி குறித்துவிட்டு, அப்புறம் டிரேஸ்களைக் கூட்டி ஸ்டாக் போடுங்கள்.