பின் சீட்டு பெல்ட்டைத் தோண்டி எடுங்கள்

விபத்தில் சிக்கிய கார்களை இன்சூரன்ஸுக்காக ஆய்வு செய்து அறிக்கை கொடுப்பது என் வேலை. மதுரையைச் சுற்றியுள்ள ஒர்க்‌ஷாப்களில் நசுங்கி நிற்கும் குடும்பக் கார்களில், யார் பெல்ட் போட்டிருந்தார், யார் போடவில்லை என்று பெரும்பாலும் காரைப் பார்த்தே சொல்லிவிடலாம். பலத்த மோதலில் ஆளைத் தாங்கிய பெல்ட், தோளுக்கு மேலே உள்ள வளையத்தில் உரசி, அந்த இடத்தில் இழை உருகினாற்போலப் பளபளக்கும். சில கார்களில் இழுத்த நிலையிலேயே இறுகி நின்றுவிடும், உள்ளே சுருளாது. முன் சீட்டில் இந்தத் தடயத்தை அடிக்கடி பார்க்கிறேன். பின் சீட்டு பெல்ட்டை இழுத்தால் ஷோரூமில் இருந்த மெருகு மாறாமல் வருகிறது. அதற்கு நேர் முன்னால் டிரைவர் சீட்டின் சாய்மானம் ஸ்டியரிங் பக்கம் வளைந்து கிடக்கிறது. பின்னால் இருந்தவர் வந்து மோதிய வளைவு அது.

"பின்னாடிதானேப்பா உக்காந்திருக்கேன், இந்தா இருக்கிற திருமங்கலத்துக்கு எதுக்குப் பெல்ட்டு?" என்று கேட்காத பெரியவர்கள் நம் வீடுகளில் குறைவு. முன் சீட்டு தங்களைத் தாங்கிக்கொள்ளும் என்ற நம்பிக்கைதான் அதற்குக் காரணம். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலாவது முட்டி நின்றால், பெல்ட் போடாத ஆள் அதே 60 வேகத்தில் முன்னே போவார். சுமார் 14 மீட்டர் உயரத்தில், அதாவது நாலு மாடிக் கட்டடத்து மொட்டைமாடியிலிருந்து விழுந்தால் தரையில் மோதும் வேகம் அது. அவர் மோதுவது முன்னால் இருக்கும் மகன் மேலோ மருமகள் மேலோதான். ஜப்பான் விபத்துகளை ஆராய்ந்து 2002-ல் வெளியான ஒரு மருத்துவ ஆய்வு, பின்னால் பெல்ட் போடாதவர்கள் இருந்தால், பெல்ட் போட்டு முன்னால் இருப்பவர்களின் உயிரிழப்பு அபாயம் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு கூடுகிறது என்று கண்டது. அம்மாவிடம் பெல்ட் போடச் சொல்லும்போது அவர் உயிரோடு நம் உயிருக்காகவும் சேர்த்துத்தான் கேட்கிறோம்.

விலை உயர்ந்த கார் என்பதும் கைகொடுக்காது. 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிராவின் பால்கர் மாவட்டத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி வந்த மெர்சிடிஸ் கார் பாலத்தின் தடுப்பில் மோதியது. பின் சீட்டில் பெல்ட் போடாமல் இருந்த மிஸ்திரியும் இன்னொருவரும் இறந்துபோனார்கள். முன்னால் இருந்த இருவரும் பலத்த காயங்களோடு பிழைத்தார்கள்.

இதெல்லாம் தெரிந்து, இனிமேல் போடுவோம் என்று முடிவெடுக்கும் குடும்பத்துக்கும் ஒரு தடை இருக்கிறது. பெல்ட்டின் லாக்கைக் காணோம். புதுக் கார் வாங்கியதும் ரெக்ஸின் சீட் கவர் தைத்துப் போட்டுவிடுகிறோம். லாக் வெளியே வர ஓட்டை விடாமலோ, விட்ட ஓட்டை சீட்டுக்கு நேராக அமையாமலோ கவர் மாட்டப்படுகிறது. சிவப்பு பட்டன் உள்ள அந்த லாக் சீட்டுக்கும் சாய்மானத்துக்கும் நடுவே போய்ப் புதைந்துகொள்கிறது. விரலை உள்ளே விட்டுத் துழாவினால் பிஸ்கட் தூளும் சில்லறைக் காசும் கோயில் திருநீற்றுப் பொட்டலமும் வரும். லாக்கின் வாய்க்குள்ளேயே மண் இறங்கி, பெல்ட்டின் நாக்கை எவ்வளவு அழுத்தினாலும் 'டிக்' என்று பிடிக்காத கார்களையும் பார்த்திருக்கிறேன். குழந்தை சீட்டு மாட்டுவதற்கென்று சில கார்களில் இருக்கும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகளும் அதே கவருக்கு அடியில்தான் மறைந்து கிடக்கின்றன. கவர் தைக்கும் அண்ணனிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: பின்னால் எத்தனை லாக் உண்டோ அத்தனையும் வெளியே நிற்க வேண்டும். வேலை முடிந்ததும் ஒவ்வொன்றையும் மாட்டிப் பார்த்த பிறகு காசு கொடுங்கள்.

பெல்ட்டைச் சடாரென்று இழுத்தால் இறுகி நிற்க வேண்டும், மெதுவாக இழுத்தால் வர வேண்டும், விட்டால் தானாகச் சுருள வேண்டும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் சர்வீஸில் காட்டுங்கள்.

பழைய கார்கள் பலவற்றில் நடு சீட்டுக்கு இடுப்புப் பெல்ட் மட்டும்தான் உண்டு. ஒன்றுமே போடாததற்கு அது மேல். ஆனால் வயிற்றில் ஏறி நின்றால் மோதும்போது குடலையும் முதுகெலும்பையும் பதம் பார்க்கும். தொடை தொடங்கும் இடத்தில், இடுப்பெலும்பின் மேல் படிய இறுக்கிப் போடுங்கள். முடிந்தவரை அந்த நடு சீட்டைக் காலியாக விடுங்கள். தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்று முனைப் பெல்ட்டிலும் கீழ்ப்பட்டைக்கு இடுப்பெலும்புதான் இடம். கர்ப்பிணிகளுக்கு அது வயிற்றுக்குக் கீழே போக வேண்டும். "கழுத்தை அறுக்குது" என்று சொல்லி மேல்பட்டையை அக்குளுக்கு அடியில் விட்டுக்கொள்ளும் பாட்டிகள் உண்டு. அப்படிப் போட்டால் முழு இழுப்பும் விலா எலும்பில் விழும். பட்டை தோளின் நடுவே வரும்படி அவரைக் காரின் நடுப்பக்கமாகக் கொஞ்சம் தள்ளி உட்கார வையுங்கள்.

எனக்கு மனசு கேட்காத விஷயம், மடியில் குழந்தை. குலதெய்வம் கோயிலுக்கும் காதுகுத்துக்கும் போகும்போது ஒரு காரில் எட்டுப் பேர் ஏறிக்கொண்டு, பிள்ளைகளை ஆளுக்கு ஒரு மடியில் வைத்துக்கொள்கிறோம். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் முட்டி, நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நிற்கிறது என்று வையுங்கள். 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த ஏறக்குறைய 140 கிலோ மூட்டையைத் தாங்கும் பலம் வேண்டும். எந்தத் தாயின் கையிலும் அது கிடையாது. ஒரே பெல்ட்டைத் தாய்க்கும் பிள்ளைக்கும் சேர்த்துப் போட்டால், தாயின் எடை பிள்ளையை அந்தப் பட்டையோடு நசுக்கும். 135 செ.மீ. உயரம் வரும்வரை பிள்ளைகளுக்குத் தனிச் சீட்டோ, உயர்த்தி உட்கார வைக்கும் பூஸ்டரோ தேவை. முதல் பிறந்தநாளுக்குச் சங்கிலியும் காப்பும் போடும் தாய்மாமன்மாரிடம், ஒரு குழந்தை சீட்டும் வாங்கித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. முன்னோக்கிய பின் சீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-பி பிரிவில் அபராதம் 1000 ரூபாய். 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பாதுகாப்பாக உட்கார வைக்காவிட்டாலும் அதே தொகை.

ஏற்கெனவே அடிபட்ட காரை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பலத்த மோதலில் ஆளைத் தாங்கிய பெல்ட் மறுபடி அதே பலத்தோடு தாங்கும் என்று நம்ப முடியாது, மாற்றத்தான் வேண்டும். பம்பர், ஹெட்லைட் போல அதுவும் காரின் பாகம்தான், எஸ்டிமேட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். டெலிவரி எடுக்கும்போது பெயின்ட்டைத் தடவிப் பார்ப்பதற்கு முன்னால், பின் சீட்டில் ஏறி எல்லாப் பெல்ட்டையும் இழுத்து மாட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.