சாயத் தண்ணீரும் உப்புக் கணக்கும்

திருப்பூரில் ஒரு டன் பனியன் துணிக்குச் சாயம் ஏற்ற ஏறக்குறைய 360 கிலோ உப்பு செலவாகும். மெஷினில் ஒரு கிலோ துணிக்கு 6 லிட்டர் தண்ணீர், அந்தத் தண்ணீரில் லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்று வைத்துப் போட்ட கணக்கு இது. அடர்நிறத்துக்கு உப்பு கூடும், வெளிர்நிறத்துக்குக் குறையும். இந்த உப்பு துணியில் தங்குவதில்லை. நனைந்த பருத்தி நூலின் மேல் எதிர்மின்னூட்டம் இருக்கிறது; ரியாக்டிவ் சாயத்துக்கும் (பருத்தியோடு வேதிப்பிணைப்பு கொள்ளும் சாயம்) அதே மின்னூட்டம்தான். அதனால் இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். உப்பிலுள்ள சோடியம் அந்தத் தள்ளலைத் தணித்துச் சாயத்தை நூலருகே கொண்டுவரும். பிறகு சோடா சாம்பல் போட்டதும் சாயம் நூலைப் பிடித்துக்கொள்ளும். வேலை முடிந்த உப்பு, பிடிக்காமல் மிஞ்சிய சாயத்தோடு சேர்ந்து அப்படியே வெளியே வந்துவிடும்.

அலசும் தண்ணீரையும் சேர்த்தால் டன்னுக்குச் சுமார் 50,000 லிட்டர் கழிவுநீர். அதில் 360 கிலோ உப்பு என்றால் லிட்டருக்கு 7,200 மில்லிகிராம். ஆற்றில் விடுவதற்கான வரம்பு 2,100. நொய்யல் கரையில் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பாடு முழுவதும் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான்.

நிறத்தை உடைக்கலாம். கரிமக் கழிவை நுண்ணுயிர்களைக் கொண்டு தின்ன வைக்கலாம். உப்பை எதுவும் தின்னாது. அது இடம் மாறும், அவ்வளவுதான். நல்ல தண்ணீரை ஊற்றி 2,100க்கு இறக்கலாமே என்றால், ஒவ்வொரு 50,000 லிட்டருக்கும் கூடுதலாக 1,21,000 லிட்டர் வேண்டும். அதற்குப் பிறகும் ஆற்றுக்குப் போகும் உப்பு அதே 360 கிலோதான். வெள்ளிங்கிரி மலையடிவாரத்தில் கிளம்பும் நொய்யலில் மழை நாட்களை விட்டால் ஓட்டமே கிடையாது, கலந்து கரைக்க ஆற்றில் தண்ணீர் இல்லை. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப்போனது இப்படித்தான். கிணறுகளுக்கு உப்பு இறங்கியது. அந்தத் தண்ணீரைப் பாய்ச்சிய தோட்டங்களில் சோடியம் களிமண் துகள்களைப் பிரித்துவிட்டது. பிரிந்த துகள்கள் மண்ணின் துளைகளை அடைத்துக்கொண்டால் பாய்ச்சின தண்ணீர் உள்ளே இறங்காது. காய்ந்ததும் மேல்மண் ஓடுபோல இறுகிவிடும். ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கீழே கழுவினால்தான் மண் மீளும். அந்த நல்ல தண்ணீருக்குத்தான் இங்கே பஞ்சம்.

2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே போகாது என்று காட்டினால்தான் திறக்கலாம் என்பது நிபந்தனை. 'பூஜ்ய வெளியேற்றம்' இங்கே கட்டாயமானது அப்படி.

அந்த ஏற்பாடு ஒரு தொடர்ச் சங்கிலி. ஆலைகளிலிருந்து குழாயில் வரும் நீர் முதலில் ஒரு பெரிய சமன்படுத்தும் தொட்டியில் கலக்கும். காரத்தன்மை மிகுந்த அந்த நீரை அமிலம் விட்டு நடுநிலைக்குக் கொண்டுவருவார்கள். அடுத்தது காற்றூட்டத் தொட்டி, இங்கேதான் நுண்ணுயிர்கள் வேலை செய்யும். கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் நிற்க வேண்டும். ஏதோ ஒரு ஆலை ப்ளீச் தண்ணீரை மொத்தமாகத் திறந்துவிட்டால் நுண்ணுயிர்கள் செத்துப்போகும், மறுபடி வளர்த்தெடுக்க நாட்கள் ஆகும். பிறகு படியவைத்து, மணலில் வடிகட்டி, ரெசின் மணிகளில் கடினத்தன்மையை நீக்கி, தண்ணீரை விட்டு உப்பைத் தடுக்கும் ஆர்.ஓ. சவ்வுக்கு அனுப்புவார்கள்.

ஆர்.ஓ. 85 சதவீதம் மீட்டால் 42,500 லிட்டர் நல்ல தண்ணீர் ஆலைக்குத் திரும்பும். மிச்சம் 7,500 லிட்டர் ரிஜெக்ட், அதாவது சவ்வைத் தாண்டாத உப்புநீர். 360 கிலோ உப்பும் அதில்தான், லிட்டருக்கு 48 கிராம். இதை இன்னும் செறிவாக்கி, தண்ணீரை ஆவியாக்கும் இவாப்பரேட்டரில் சுண்டவைக்க வேண்டும். மொத்தச் சங்கிலியிலும் செலவு பிடிக்கும் கண்ணி இதுவே.

சாதா உப்புக்குப் பதிலாகச் சோடியம் சல்பேட், அதாவது கிளாபர் உப்பு, போடும் வழக்கம் இங்கே பரவியதற்கு ஓர் அழகான காரணம் உண்டு. 32 டிகிரி வெப்பத்தில் 100 கிராம் தண்ணீரில் ஏறக்குறைய 50 கிராம் சோடியம் சல்பேட் கரையும். 10 டிகிரிக்குக் குளிரவைத்தால் 9 கிராம்தான் கரைந்து நிற்கும், மற்றது படிகமாக விழுந்துவிடும். சாதா உப்போ இரண்டு வெப்பத்திலும் ஏறக்குறைய 36 கிராம். ஆகவே செறிவான ரிஜெக்டைக் குளிரவைத்தாலே கிளாபர் உப்பு தனியாகப் பிரியும், அதையே திரும்பச் சாயத்துக்குப் போடலாம்.

இந்தச் சங்கிலி பெரும்பாலும் சவ்வில்தான் சிக்கும். நுண்ணுயிர்த் தொட்டி சரியாக ஓடாவிட்டால் மிஞ்சும் கரிமப்பொருள் சவ்வில் படியும். ரெசினை நேரத்துக்குப் புதுப்பிக்காவிட்டால் சுண்ணாம்பு படியும். அழுத்தம் ஏறும், நல்ல தண்ணீர் குறையும், ரிஜெக்ட் பெருகும். இவாப்பரேட்டர் ஒரு குறிப்பிட்ட அளவைத்தான் சுண்டவைக்கும். அதுவும் உள்ளே செதில் கட்டி நின்றுபோனால் ரிஜெக்ட் தொட்டி நிரம்பத் தொடங்கும். மழை பெய்யும் ராத்திரியில் பள்ளத்து வழியாகத் திருட்டுத்தனமாகத் திறந்துவிடும் ஆசை பிறப்பது இந்த இடத்தில்தான். பக்கத்துத் தோட்டத்துக்காரர்களின் கிணறு கெடுவதும் இந்த இடத்தில்தான். என்னைக் கேட்டால், ஆய்வுக்குப் போகும் பொறியாளர் முதலில் பார்க்க வேண்டியது காற்றூட்டத் தொட்டியை அல்ல, ரிஜெக்ட் தொட்டியின் மட்டத்தையும் இவாப்பரேட்டரின் மின்மீட்டரையும்.

நேர்மையான உப்புக் கணக்கு எந்தக் கேமராவையும்விட வலுவானது. ஓர் ஆலை நாளுக்கு 10 டன் துணி ஓட்டினால் மேலே சொன்ன அளவில் 3.6 டன் உப்பு செலவாகியிருக்க வேண்டும், 5 லட்சம் லிட்டர் கழிவுநீர் மீட்டரில் பதிவாகியிருக்க வேண்டும். மீட்டர் மூன்றரை லட்சம் காட்டினால் மீதி எங்கே? ஆவியாகிப்போவது இவ்வளவு இருக்காது. ஓடையில் மேல்பக்கமும் கீழ்பக்கமும் மின்கடத்துத்திறன் மானியை முக்கினால் சில வினாடிகளில் விடை வரும்; காட்டும் எண்ணை 0.65ஆல் பெருக்கினால் கரைந்த உப்பின் அளவு தோராயமாகக் கிடைக்கும்.

மானி காட்டும் எண்ணை வைத்து மட்டும் வழக்குப் போட முடியாது. 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்லும் முறைப்படி மாதிரி எடுக்க வேண்டும்: ஆலைக்காரரிடம் அறிவிப்பு கொடுத்து, அவர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரித்து, இரண்டு கலத்துக்கும் முத்திரை வைத்து, இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். இதில் ஒரு படி தவறினாலும் ஆய்வக முடிவு நீதிமன்றத்தில் சாட்சியாக நிற்காது. உடனே நிறுத்த வேண்டிய நிலை என்றால் 33ஏ பிரிவு இருக்கிறது. மூடவும், மின்சாரத்தையும் தண்ணீரையும் துண்டிக்கவும் வாரியம் அதன்கீழ் உத்தரவிடலாம்.

காற்றுக்கு 1981ஆம் ஆண்டுச் சட்டம். விறகு பாய்லருக்குச் சாம்பல் பிடிக்கும் சாதனமும் உயர்ந்த புகைபோக்கியும் வேண்டும். ஜெனரேட்டருக்கு ஓர் எளிய விதி: கட்டட உயரத்தோடு, அதன் திறனைச் சொல்லும் கே.வி.ஏ. எண்ணின் வர்க்கமூலத்தை 0.2ஆல் பெருக்கிக் கூட்டினால் புகைக்குழாயின் உயரம் மீட்டரில் வரும். 225 கே.வி.ஏ. என்றால் கூரைக்கு மேல் 3 மீட்டர். கூரையோடு நின்றுவிட்ட குழாயைப் பார்த்தால் புகார் கொடுக்கலாம், சந்தேகமே வேண்டாம்.

நிலத்துக்கு வரும் ஆபத்தில் சுத்திகரிப்புச் சேறு ஒரு பங்கு. அதைச் சிமென்ட் சூளையில் எரிக்க வழி உண்டு. கலப்பு உப்புதான் கடினம். கிளாபர் உப்பைப் பிரித்தபின் சாதா உப்பு, சல்பேட், கொஞ்சம் சாயம், கொஞ்சம் சுண்ணாம்பு எல்லாம் சேர்ந்த பழுப்பு நிறத் தூள் மிஞ்சும். இதைச் சாயத்துக்கும் போட முடியாது. தண்ணீரில் கரைவதால் சாதாரணமாக மண்ணில் புதைக்கவும் முடியாது. மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் அடுக்கித்தான் வைக்க வேண்டியிருக்கிறது. தரை சிமென்ட் பூசி, ஓரத்தில் வரப்புக் கட்டி, கூரை ஒழுகாமல் இருக்க வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் கூரையை ஒவ்வொரு தகடாகப் பார்த்து, மூட்டைகளை எண்ணிப் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் அந்த உப்பு எந்தப் பள்ளத்துக்குப் போனது என்று அன்றைக்கே கேட்க வேண்டும்.