ஒழுகும் டீசல் டேங்க்: சோப்பு அடைக்கும், காலி டேங்க் வெடிக்கும்

லாரியின் டீசல் டேங்க் ஒழுக ஆரம்பித்தால் அனுபவமுள்ள டிரைவர் முதலில் தேடுவது ஸ்பானரை அல்ல, துணி துவைக்கும் சோப்பை. கசியும் கீறல்மேல் அதை அழுத்தித் தேய்த்தால் சொட்டு நின்றுவிடும். பார்க்க வித்தைபோல இருந்தாலும் விஷயம் எளிது. சோப்பு தண்ணீரில் கரையும், டீசலில் லேசில் கரையாது. கீறலுக்குள் புகுந்ததும் மெழுகுபோல அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். நல்ல மழை பிடித்தால் மட்டும் அதன் கதை முடிந்தது. சிலிக்கான் பசையைப் பிதுக்கி அடைப்பவர்களும் உண்டு. சாதாரண சிலிக்கான் டீசலைக் குடித்து உப்பி, தோல்போல உரிந்து வந்துவிடும். அதற்குச் சோப்பே தேவலை.

சரி, எங்கே தேய்ப்பது? அங்கேதான் டீசல் நம்மை ஏமாற்றும். அதன் பரப்பு இழுவிசை தண்ணீருடையதில் பாதிகூட இல்லை. அதனால் தண்ணீர்போல முத்து முத்தாக நிற்காமல், மெல்லிய படலமாகப் படர்ந்து, வெல்டிங் ஓரமாகவே ஊர்ந்து போகும். ஓட்டை ஓரிடத்தில் இருக்கும், சொட்டு வேறிடத்தில் விழும். டேங்கை நன்றாகத் துடைத்துக் காயவைத்து, சாக்பீஸ் தூளைப் பூசிவிட்டுக் கொஞ்சம் பொறுத்திருங்கள். வெள்ளைத் தூளில் முதலில் கறுத்து ஈரமாகும் புள்ளிதான் ஓட்டை.

அந்தப் புள்ளி பெரும்பாலும் டேங்கைச் சேசிஸோடு இறுக்கிப் பிடிக்கும் பட்டைக்கு அடியிலேயோ, அதை ஒட்டியோ இருக்கும். பட்டைக்கும் டேங்குக்கும் நடுவே இருக்கும் ரப்பர் தேய்ந்துவிட்டால், ஒவ்வொரு குலுக்கலுக்கும் உலோகம் உலோகத்தை அறுக்கும். இடுக்கில் சேறும் ஈரமும் தங்கி அரிப்பைக் கூட்டும். அரிப்பு உள்ளேயிருந்தும் வரும். காற்றின் ஈரம் குளிர்ந்து தண்ணீராகி, டீசலைவிடக் கனமானதால் அடியில் தங்குகிறது. தண்ணீரும் டீசலும் சந்திக்கும் எல்லையில் நுண்ணுயிர்கள் குடியேறி, டீசலைத் தின்று அமிலத்தைக் கழிக்கின்றன. வெளியே பெயின்ட் பளபளக்க, அடித்தகட்டில் குண்டூசி முனையளவு ஓட்டை விழுவது இப்படித்தான்.

ஒழுகாத டேங்கும் ஒழுகுவதுபோலத் தெரியலாம். டீசல் சூடு ஏறினால் விரியும். காலைக் குளிரில் 400 லிட்டரைக் கழுத்துவரை நிரப்பி வெயிலில் நிறுத்தினால், 20 டிகிரி ஏற்றத்துக்கு 6 லிட்டருக்கு மேல் கூடுதல் இடம் கேட்கும். மூடி வழியாக வழிந்ததற்கு டேங்கைக் குறை சொல்ல முடியாது.

நிஜ ஓட்டையாக இருந்தால் எவ்வளவு போகும்? ஒரு சொட்டு சுமார் 0.025 மில்லிலிட்டர் என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு ஒரு சொட்டு என்பது நாளைக்கு 2 லிட்டர். கல் அடித்து விழுந்த 3 மில்லிமீட்டர் ஓட்டையோ வேறு கதை. அதற்கு மேலே அரை மீட்டர் உயரத்துக்கு டீசல் நின்றால், நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் பீய்ச்சும். நிமிடத்துக்குச் சுமார் 0.8 லிட்டர் போகும். மட்டம் பாதியாகக் குறைந்தால் வேகமும் பாதியாகும் என்று நினைப்போம். ஆகாது. உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே வேகம் அமைவதால் 70 சதவீதம் இன்னும் பாக்கி இருக்கும். காலியாகி நிற்கட்டும் என்று காத்திருப்பதில் பயனில்லை. துணி சுற்றிய கூம்பு மரத்துண்டை இறுக்கிச் செருகுவதே முதல் வேலை. இரண்டு டேங்க் உள்ள வண்டியில் அவற்றை இணைக்கும் குழாயின் வால்வை உடனே மூட வேண்டும். இல்லையென்றால் நல்ல டேங்கும் ஓட்டை வழியாகக் காலியாகும். மீதி டீசலை வேறு கலனுக்கு மாற்றப் பம்ப் இருக்கட்டும். வாயால் உறிஞ்சுவது வேண்டவே வேண்டாம். நுரையீரலுக்குள் கொஞ்சம் போனாலும் ஆஸ்பத்திரிதான்.

கொட்டிய டீசலைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் அது மிதந்து இன்னும் அகலமாகப் பரவி, சாக்கடைவரை போகும். மணலோ மரத்தூளோ போட்டு அள்ளுவதே சரி.

தரையில் கிடக்கும் டீசல் பெட்ரோல்போலச் சட்டென்று பற்றாது. அதன் ஆவி தீப்பிடிக்க ஏறத்தாழ 55 டிகிரி சூடு வேண்டும். இந்த நிம்மதிதான் வெல்டிங் பட்டறையில் ஆளைக் கொல்கிறது. நிறைந்த டேங்கில் எரியக் காற்று இல்லை. காலி டேங்கில் காற்று தாராளமாக இருக்கிறது. மடிப்பிலும் துருவிலும் ஒட்டியிருக்கும் டீசல் வெல்டிங் சூட்டில் ஆவியாகிறது. காற்றில் அந்த ஆவி வெறும் 0.6 சதவீதம் கலந்தாலே வெடிக்கும். தண்ணீர் ஊற்றி இரண்டு முறை குலுக்கியதைச் சுத்தம் என்று சொல்லவே முடியாது. நீராவியால் கழுவி, ஆவி இல்லை என்று கருவியால் சோதித்து, உள்ளே மந்த வாயுவை நிரப்பிய பிறகே கைதேர்ந்தவர் தொட வேண்டும். என்னைக் கேட்டால், பழைய டேங்கை வெல்டிங் செய்வதைவிட மாற்றிவிடுவது மேல்.

மாற்றினாலும் ஒட்டவைத்தாலும் டீசல் நிரப்பியதும் மூட்டுகள்மேல் மறுபடி சாக்பீஸ் தூளைப் பூசி, ஓர் இரவு நிறுத்திவையுங்கள். காலையில் தூள் வெள்ளையாகவே இருந்தால் வண்டியை எடுக்கலாம்.