பத்து மாதப் பாலுக்குப் பன்னிரண்டு மாதக் கணக்கா?

பெங்களூரில் அல்சூர், லிங்கராஜபுரம் பக்கத்திலும் ஆனேக்கல் பக்கத்திலும் மாடு வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கால்நடை மருத்துவம் பார்க்கிறேன். வங்கிக் கடனுக்காக அவர்கள் எழுதி வைத்திருக்கும் திட்டத்தைப் படிக்கும்போதெல்லாம் மனம் பதைக்கிறது. "ஒரு மாடு, தினம் 15 லிட்டர், 365 நாள்" என்றுதான் தொடங்குகிறது.

மாட்டுத் தரகர் சொல்லும் அந்த 15 லிட்டர், கன்று ஈன்ற ஒன்றரை இரண்டு மாதத்தில் வரும் உச்சப் பால். பிறகு மாதாமாதம் குறையும். உச்சப் பாலை 200ஆல் பெருக்கினால் ஓர் ஈற்றின் மொத்தப் பால் தோராயமாகக் கிடைக்கும். அதாவது 3,000 லிட்டர். திட்டத்தில் இருப்பதோ 5,475! கடன் தவணையை இந்தப் பெரிய எண்ணை நம்பி ஒப்புக்கொள்ளாதீர்கள்.

சினைக் கணக்கையும் சேர்த்து எழுதுங்கள். மாடு 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். அடிக்கடி கத்துவதையும், கண்ணாடி போல் வழும்பு ஒழுகுவதையும் கவனிக்காமல் விட்டால், சினை அடுத்த பருவம்வரை தள்ளிப்போகும், அந்த நாட்களின் தீவனம் கூடுதல் செலவு. ஈற்றுக்கு முந்தைய இரண்டு மாதம் கறவையை நிறுத்தியே ஆக வேண்டும். பால் வராது, தீனிச் செலவு மட்டும் நிற்காது. இரண்டு மாடு இருந்தால், ஒன்று வற்றும்போது மற்றது கறக்கும்படி இரண்டின் ஈற்றுகளுக்கும் இடையே ஐந்தாறு மாதம் இடைவெளி விடுங்கள்.

வீட்டுக்கு வீடு ஊற்றுபவர்கள் பால் வற்றுவதை ஒரு மாதம் முன்பே வாடிக்கையாளரிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் நின்றால் அவர்கள் பாக்கெட் பாலுக்குப் போய்விடுவார்கள். திரும்ப அழைப்பது கடினம். மடிநோய்க்கு ஊசி போட்டால், மருத்துவர் சொல்லும் நாள்வரை அந்தப் பாலை யாருக்கும் ஊற்றாதீர்கள். காரணத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். குழந்தைகள் குடிக்கும் பால் அது.

பால் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஊற்றுபவர்களிடம் நான் முதலில் கேட்பது, அங்கே பாலுக்குத் தரும் சீட்டைத்தான். பலர் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். விலையைத் தீர்மானிக்கும் கொழுப்பும் இதர திடப்பொருளும் அதில்தான் இருக்கின்றன. பசும்பாலில் குறைந்தது கொழுப்பு 3.2, இதர திடப்பொருள் 8.3 சதவீதம் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. கொழுப்பு தொடர்ந்து இறங்கினால் வைக்கோல் போதுமா என்று பாருங்கள். சீட்டு கன்னடத்தில் இருக்கிறது என்று தயங்க வேண்டாம். பள்ளியில் கன்னடம் படிக்கும் பிள்ளையை ஒருநாள் சங்கத்துக்கு அழைத்துப்போய், ஒவ்வொரு கட்டமும் என்னவென்று செயலாளரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.