ஒரே மெயில் ஏன் இரண்டு முறை வருகிறது?

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "ஒரு தளத்தில் பதிவு செய்தேன். பட்டனை ஒரு முறைதான் அழுத்தினேன். வரவேற்பு மெயில் மட்டும் இரண்டு வந்தது. எப்படி?"

பட்டனை அழுத்தியதுமே மெயில் போய்விடுவதில்லை. மெயில் அனுப்புவது, படத்தைச் சுருக்குவது போன்ற வேலைகள் சில நொடிகள் இழுக்கும். அதுவரை உங்களைக் காக்கவைக்காமல், "பயனர் 4217, வரவேற்பு மெயில்" என்று ஒரு குறிப்பை, செய்ய வேண்டிய வேலைகள் காத்திருக்கும் வரிசையில் (queue) போட்டுவிட்டு சர்வர் உடனே பதில் சொல்லிவிடும். பின்னணியில் ஓடும் வொர்க்கர் என்ற தனி புரோகிராம் அந்தக் குறிப்பை எடுத்து வேலையை முடிக்கும். வரிசை ரெடிஸ் (Redis), ராபிட்எம்கியூ (RabbitMQ) போன்ற மென்பொருளில் இருக்கலாம், சாதாரண டேட்டாபேஸ் அட்டவணையாகவும் இருக்கலாம்.

சரி, வொர்க்கர் எடுத்த கையோடு குறிப்பு வரிசையிலிருந்து அழிந்துவிட்டால்? பாதியில் அந்த மெஷின் நின்றுபோனால் வேலையும் அதோடு போச்சு, ஒருவருக்கும் தெரியாது. இதற்கு அமேசானின் எஸ்கியூஎஸ் (SQS) என்ற வரிசைச் சேவை வைத்திருக்கும் வழி எனக்கு மிகவும் பிடித்தது. அது குறிப்பை அழிக்காமல் மறைத்து மட்டும் வைக்கிறது. நாம் மாற்றாதவரை 30 நொடிகளுக்கு மற்ற வொர்க்கர்கள் கண்ணில் அது படாது. அதற்குள் "முடிந்தது, அழித்துவிடு" என்று தகவல் வந்தால் அழியும். வராவிட்டால் குறிப்பு மறுபடி தலைகாட்டும், வேறொரு வொர்க்கர் எடுத்துக்கொள்ளும். எந்த வொர்க்கர் உயிரோடு இருக்கிறது என்று யாரும் விசாரிக்கத் தேவையே இல்லை. ஒரு கடிகாரம் போதும்! இவ்வளவு சின்ன யோசனை இவ்வளவு பெரிய பாரத்தைச் சுமப்பதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

ஆனால் மெயிலை அனுப்பிவிட்டு, "முடிந்தது" என்று சொல்வதற்குள் வொர்க்கர் நின்றுபோனால்? வேலை நடக்கவே இல்லையா, நடந்தும் தகவல் வரவில்லையா என்று வரிசையால் பிரித்தறிய முடியாது. அதனால் மறுபடி கொடுக்கிறது. உங்களுக்கு இரண்டாவது மெயில் வந்தது பெரும்பாலும் இப்படித்தான்.

எனவே ஒரே வேலை இரண்டு முறை ஓடினாலும் பாதகம் வராதபடி எழுத வேண்டியது நம் பொறுப்பு. அனுப்பியதும் "4217, வரவேற்பு" என்று டேட்டாபேஸில் குறித்துவைத்து, அடுத்த முறை அந்தப் பதிவு இருந்தால் அனுப்பாமல் விட்டுவிடலாம். அனுப்புவதற்கும் குறிப்பதற்கும் நடுவே நூலிழை இடைவெளி அப்போதும் மிஞ்சும். மெயில் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். பணம் என்றால் கூடாது. ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஒரு தனி அடையாள எண்ணைக் கூடவே அனுப்பி, மறுமுனையே இரட்டிப்பைத் தள்ளிவிடும்படி செய்ய வேண்டும்.

எதற்கெடுத்தாலும் ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும் என்பது நம் துறையின் மூடநம்பிக்கை. ஓடிக்கொண்டிருக்கும் வேலையை நடுவில் அறுப்பதே இரட்டிப்புக்கு வழி. வொர்க்கர்களை ஓட்டும் சைட்கிக் (Sidekiq) போன்ற மென்பொருள்கள், நிறுத்தச் சொன்னதும் வழக்கமாக 25 நொடி அவகாசம் தந்து, முடியாததை மீண்டும் வரிசையில் போட்டுவிடும். அந்த வேலை திரும்பவும் முதலிலிருந்துதான் ஓடும். ஆகவே ஆயிரம் பேருக்கான மெயிலை ஒரே வேலையாக வைக்காதீர்கள். ஆளுக்கொன்றாகப் பிரித்துப் போட்டால், நடுவில் அறுந்தாலும் அந்த நேரத்தில் கையில் இருந்த சிலருக்குத்தான் இரண்டாவது மெயில் போகும்.