ஓய்வுபெற்றவர்களின் மருத்துவச் செலவு: அமெரிக்கக் கவுண்டிகள் பணத்துக்கு என்ன செய்கின்றன?

நோவையில் வீடு வைத்திருப்பவரும் கேன்டனில் வீடு வைத்திருப்பவரும் ஞாயிற்றுக்கிழமை ஒரே இந்தியக் கடையில் கறிவேப்பிலை வாங்கக்கூடும். ஆனால் ஜூலையில் வரும் சொத்துவரி பில்லில் இருவருக்கும் கவுண்டி வேறு. நோவை, ட்ராய் எல்லாம் ஓக்லண்ட் கவுண்டி; கேன்டன், டெட்ராய்ட் எல்லாம் வெய்ன் கவுண்டி. இரண்டும் மிச்சிகன் மாநிலத்தில் ஒட்டியே இருப்பவை. அந்தக் கவுண்டி வரியில் ஒரு சிறு பங்கு, என்றைக்கோ ஓய்வுபெற்றுப் போன ஷெரிஃப் அலுவலக (கவுண்டிக் காவல்துறை) ஊழியரின் மருத்துவச் செலவுக்குப் போகிறது. அந்தப் பங்கு எவ்வளவு என்பதை இன்றைய நிர்வாகம் மட்டும் முடிவு செய்வதில்லை. இருபது முப்பது வருடத்துக்கு முன்னால் போட்ட ஒப்பந்தங்களுக்கும் அதில் கை உண்டு.

கவுண்டியை நம்மூர் மாவட்டம் போல என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் மேலிருந்து நியமிக்கப்படும் கலெக்டர் கிடையாது. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஆணையர்கள் குழுதான் பட்ஜெட்டை நிறைவேற்றும். சிறை, நீதிமன்றம், பொதுச் சுகாதாரம், சாலை என்று வேலை நிறைய, ஆட்களும் நிறைய.

இந்தச் சலுகை எப்படி வந்தது என்பது எளிது. சம்பளத்தைக் கூட்டினால் அந்த வருட பட்ஜெட்டிலேயே இடிக்கும். ‘ஓய்வுக்குப் பிறகும் மருத்துவக் காப்பீடு தருகிறோம்’ என்று எழுதிக் கொடுத்தால் அன்றைக்கு ஒரு டாலர்கூட வெளியே போகாது. தொழிற்சங்கத்துக்கும் திருப்தி, நிர்வாகத்துக்கும் திருப்தி. பில் வரும்போது கையெழுத்துப் போட்டவர்கள் யாரும் நாற்காலியில் இருக்க மாட்டார்கள்.

மத்திய அரசின் மெடிகேர் காப்பீடு இருக்கும்போது கவுண்டிக்கு என்ன செலவு என்று கேட்கலாம். மெடிகேர் பொதுவாக 65 வயதில்தான் தொடங்கும். காவல் பணியில் இருப்பவர்கள் ஐம்பதுகளிலேயே ஓய்வுபெறுவது சாதாரணம். நடுவில் இருக்கும் அந்தப் பத்துப் பன்னிரண்டு வருடம் முழுச் சுமையும் கவுண்டித் திட்டத்தின் தலையில். 65-க்குப் பிறகு மெடிகேர் முதலில் கொடுக்கும், மிச்சத்தைத்தான் கவுண்டித் திட்டம் பார்த்துக்கொள்ளும். அதனால் ஒரே ஊழியருக்கு 64 வயதில் ஆகும் செலவும் 66 வயதில் ஆகும் செலவும் ஒன்றல்ல.

இதில் கண்ணுக்குத் தெரியாத செலவு ஒன்றும் உண்டு. ‘பிரீமியத்தை ஓய்வுபெற்றவரே முழுசாகக் கட்டுகிறார், எங்களுக்குச் செலவே இல்லை’ என்று சில அரசு அமைப்புகள் சொல்லும். சரி, ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். வேலையில் இருப்பவர், 60 வயதில் ஓய்வில் இருப்பவர் எல்லாரையும் ஒரே குழுவில் சேர்த்ததால் பிரீமியம் தலைக்கு 9,000 டாலர். அந்த 60 வயதுக்காரருக்கு மட்டும் தனியாக விலை கேட்டால் 14,000 ஆகும். அவர் கட்டுவது 9,000. மீதி 5,000 எங்கே போயிற்று? வேலையில் இருக்கும் இளைஞர்களின் பிரீமியத்தில் ஏறிவிட்டது. அதில் பெரும்பகுதியைக் கட்டுவது கவுண்டிதான். இதை மறைமுக மானியம் என்பார்கள். கணக்கில் இதையும் காட்டியாக வேண்டும்.

கணக்கில் காட்டும் கட்டாயமே பின்னால் வந்ததுதான். முன்பெல்லாம் இந்த வருடம் என்ன பில் வந்ததோ அதைக் கட்டிவிட்டுப் போனால் போதும். அமெரிக்க அரசுக் கணக்கியல் தர வாரியம், வாய்வழக்கில் ‘காஸ்பி’, 2004-இல் தனது 45-ஆம் விதியைக் கொண்டுவந்தது. எதிர்காலத்தில் கொடுக்க வேண்டிய மருத்துவச் செலவையும் இன்றைய மதிப்பில் கணக்கிட்டு அறிக்கையில் சொல்ல வேண்டும் என்றது அது. 2015-இல் வந்த 75-ஆம் விதி இன்னும் ஒரு படி மேலே போய், நிதி ஒதுக்காத கடன் மொத்தத்தையும் இருப்புநிலைக் குறிப்பிலேயே ஏற்றச் சொன்னது. ஒரு விஷயம்: இரண்டு விதியுமே பணம் ஒதுக்கு என்று சொல்லவில்லை. உண்மையைச் சொல் என்றுதான் சொல்லின. அதற்கே பல கவுண்டிகளுக்கு வியர்த்தது.

இங்கேதான் டிரஸ்ட் வருகிறது. பணத்தைத் தனி டிரஸ்டில் போட்டு, திரும்ப எடுக்க முடியாதபடியும் கடன்காரர்கள் கை வைக்க முடியாதபடியும் பூட்டிவிட்டால், அந்த முதலீடு நீண்ட காலத்தில் ஈட்டக்கூடிய வருமான விகிதத்தை வைத்துக் கடனைக் கணக்கிடலாம். டிரஸ்ட் இல்லையென்றால் 20 வருட நகராட்சிப் பத்திர வட்டியைத்தான் எடுக்க வேண்டும். இருபது வருடம் கழித்துத் தர வேண்டிய 1,000 டாலரை எடுத்துக்கொள்ளுங்கள். 7 சதவீதத்தில் கணக்கிட்டால் இன்றைய மதிப்பு சுமார் 258 டாலர். 3.5 சதவீதத்தில் சுமார் 503. வாக்குறுதி ஒன்றுதான், கடன் ஏறக்குறைய இரு மடங்கு. விகிதத்தைக் கொஞ்சம் தாராளமாக வைத்துக்கொள்ளும் ஆசை இதனால்தான் எல்லாருக்கும் வருகிறது. கவுண்டி வெளியிடும் அறிக்கையில் நான் முதலில் பார்ப்பது இந்த விகிதத்தைத்தான்.

இப்போது நம் இரண்டு கவுண்டிகளுக்கு வருவோம்.

ஓக்லண்ட் 2007-இல் சுமார் 55.7 கோடி டாலர் கடன் பத்திரம் விற்று, அந்தப் பணத்தை ஓய்வுபெற்றவர் மருத்துவ நிதியில் கொண்டுபோய்ப் போட்டது. வருடா வருடம் ஏறிக்கொண்டே போகும் செலவுக்குப் பதிலாக, அளவு தெரிந்த தவணை. கேட்கவே நன்றாக இருக்கிறது. ஆனால் அடுத்த வருடமே சந்தை சரிந்தது. கடன் வாங்கிப் பங்குச் சந்தையில் போடுவதை வீட்டில் யாராவது செய்தால் என்ன சொல்வோம்? ஓக்லண்ட் தாக்குப்பிடித்ததற்குக் காரணம் பத்திரம் மட்டும் இல்லை என்பது என் எண்ணம். அந்தக் கவுண்டி மூன்று வருடத்துக்குச் சேர்த்து பட்ஜெட் போடும் பழக்கம் உள்ளது. புதிதாகச் சேர்பவர்களுக்குப் பழைய சலுகையை நிறுத்தி, ஓய்வுக்கால மருத்துவச் செலவுக்கென்று சேமிப்புக் கணக்கைத் திறந்துவிட்டது. 2013-இல் பழைய பத்திரத்தைக் குறைந்த வட்டிக்கு மாற்றியும் கொண்டது.

வெய்ன் கதை வேறு. 2015 வாக்கில் அதன் மருத்துவ வாக்குறுதிகளின் நிதியில்லாத கடன் சுமார் 130 கோடி டாலர்; அதற்கென்று சேர்த்து வைத்ததோ அநேகமாக ஒன்றுமில்லை. 2015 ஆகஸ்டில், மாநிலக் கண்காணிப்பில் நிதியைச் சரிசெய்வதாக மாநில அரசுடன் ஒப்புதல் ஒப்பந்தம் போட்டு, மருத்துவத் திட்டத்தை வெட்டியது. ஓய்வுபெற்ற பலருக்கு முழுக் காப்பீட்டுக்குப் பதில் மாதாமாதம் ஒரு தொகை. அதை வைத்துக் காப்பீட்டை அவரவரே வாங்கிக்கொள்ள வேண்டும். 2016 அக்டோபரில் கவுண்டி மாநிலக் கண்காணிப்பிலிருந்து வெளியே வந்தது. கணக்குப் புத்தகம் தேறிவிட்டது. எழுபது வயதில் காப்பீடு தேடி அலைந்தவருக்கு அந்தத் தேறுதல் எப்படி இருந்திருக்கும் என்பது எந்த அறிக்கையிலும் வராது.

இப்படி வெட்ட முடியுமா என்றால், முடியும். மிச்சிகன் அரசியல் சட்டம் ஓய்வூதியத்தைப் பாதுகாக்கிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பு மருத்துவச் சலுகைக்குப் பொருந்தாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 2005-இல் தீர்ப்பளித்துவிட்டது. பென்ஷன் வேறு, காப்பீடு வேறு. தனிப்பட்ட ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருந்தால் அதை வைத்து வழக்காடலாம், அவ்வளவுதான்.

2017-இல் மிச்சிகன் 202-ஆம் சட்டத்தைக் கொண்டுவந்தது. மருத்துவ நிதி தேவையில் 40 சதவீதத்துக்கும் கீழே இருந்து, வருடாந்திரப் பங்களிப்புத் தேவை கவுண்டியின் வருவாயில் 12 சதவீதத்தைத் தாண்டினால், நிதி போதாத அமைப்பு என்று முத்திரை விழும். விலக்கு கிடைக்காவிட்டால் திருத்தத் திட்டம் ஒன்றை மூன்று பேர் கொண்ட மாநில வாரியத்திடம் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். 2018 ஜூன் 30-க்குப் பிறகு முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு மருத்துவச் சலுகை தருவதானால், அந்தந்த வருடத்துக்கான செலவை அந்தந்த வருடமே ஒதுக்கிவிட வேண்டும். இது நல்ல விதி. என்ன, முப்பது வருடம் முன்னாலேயே வந்திருக்கலாம்.

உங்கள் கவுண்டியின் நிலை தெரிய வேண்டுமானால் 5572 என்ற படிவத்தைத் தேடுங்கள். நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் மாநிலக் கருவூலத்துக்கு அனுப்ப வேண்டிய அறிக்கை அது. சொத்து எவ்வளவு, கடன் எவ்வளவு, எத்தனை சதவீதம் கையில் இருக்கிறது என்று சில பக்கங்களில் முடிந்துவிடும். பட்ஜெட் புத்தகத்தில் தேடினால் அவ்வளவு எளிதில் கிடைக்காது. பெரும்பாலும் ஒவ்வொரு துறையின் ‘ஊழியர் சலுகைகள்’ வரிக்குள் சம்பளத்தின் சதவீதமாகக் கரைந்திருக்கும்.

நம் ஆட்களில் கவுண்டியின் கணினிப் பிரிவிலோ சுகாதாரத் துறையிலோ வேலை பார்ப்பவர்களுக்கு இரண்டு விஷயம். முதலில், நீங்கள் வேலைக்குச் சேர்ந்த தேதி. பக்கத்து மேசைக்காரருக்கு உள்ள சலுகை உங்களுக்கும் இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு வருடம் முன்பின் சேர்ந்திருந்தால் திட்டமே வேறாக இருக்கலாம். எந்தத் திட்டத்தில் இருக்கிறீர்கள் என்பதை மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அப்புறம், ஓய்வில் இருக்கும்போது 65 வந்தால் மெடிகேரின் பி பகுதியில் (மருத்துவர் கட்டணம் போன்றவற்றுக்கான பிரிவு) சேராமல் விட்டுவிடாதீர்கள். நீங்கள் சேர்ந்துவிட்டதாகவே வைத்துக்கொண்டு தன் பங்கை மட்டும் கொடுக்கும் கவுண்டித் திட்டங்கள் உண்டு. தாமதித்த ஒவ்வொரு முழு 12 மாதத்துக்கும் பி பகுதி பிரீமியத்தில் 10 சதவீதம் கூடும்; அந்தக் கூடுதல் பொதுவாக ஆயுள் முழுக்கத் தொடரும்.