வீனோ தின்தோ எக்கோலோஹிக்கோ: சொல் விளக்கம்

ஸ்பெயினின் தென்கிழக்கே முர்சியா, அல்பசேத்தே மாகாணங்களில் பரந்துள்ள ஹுமிய்யா பகுதியில், மொனாஸ்த்ரெல் என்னும் கருந்திராட்சையிலிருந்து வடிக்கப்படும் ஒயின் புட்டிகள் பலவற்றில் 'வீனோ தின்தோ எக்கோலோஹிக்கோ' என்ற தொடர் அச்சிடப்பட்டிருக்கும். அதை 'இயற்கைச் சிவப்பு ஒயின்' என்று பெயர்த்தால் பொருள் பிழைபடும்.

'வீனோ' என்பது லத்தீன் 'வீனும்' என்பதன் வழிவந்தது. 'தின்தோ' என்பதற்குச் 'சாயம் தோய்ந்தது' என்பதே வேர்ப்பொருள். சிவப்பு நிறத்தைக் குறிக்க ஸ்பானியத்தில் 'ரோஹோ' என்ற சொல் இருந்தும் ஒயினுக்கு அது வழங்குவதில்லை. இவ்வழக்கு வடிமுறையோடும் பொருந்துகிறது. மொனாஸ்த்ரெல் பழத்தைப் பிழிந்தால் வரும் சாறு ஏறக்குறைய நிறமற்றது. நொதிக்கும்போது தோலுடன் ஊறுவதால்தான் நிறம் ஏறுகிறது. தோலைச் சில மணி நேரத்திலேயே நீக்கிவிட்டால் அதே பழம் இளஞ்சிவப்பு 'ரொசாதோ'வாகிவிடும்.

'எக்கோலோஹிக்கோ' என்பதன் வேர், வீட்டைக் குறிக்கும் கிரேக்க 'ஒய்கோஸ்'. 1866இல் ஜெர்மானிய அறிஞர் ஹெக்கல் ஆக்கிய சூழலியல் என்ற துறைப்பெயரிலிருந்து இது கிளைத்தது. இதே பொருளுக்குப் பிரெஞ்சும் இத்தாலியமும் உயிரைக் குறிக்கும் 'பியோஸ்' வேரையும், ஆங்கிலம் கருவியைக் குறிக்கும் 'ஒர்கனோன்' வேரையும் நாடின. வேர்கள் வேறாயினும் ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தில் இவற்றின் பொருள் ஒன்றே: செயற்கை உரமும் செயற்கைப் பூச்சிக்கொல்லியும் களைக்கொல்லியும் இடாத தோட்டத்தின் விளைச்சல். கந்தகத்துக்கும், ஓரளவு செம்புக்கும் இடமுண்டு. ஆண்டுக்கு ஏறத்தாழ 300 மில்லிமீட்டர் மழையே பெறும் ஹுமிய்யாவில் பூஞ்சை நோய் குறைவாதலால் அவையும் அதிகம் தேவைப்படுவதில்லை. சான்றிதழில் உழவரோடு வெயிலுக்கும் பங்குண்டு எனலாம்.

தமிழுக்கு வருவோம். 'கரிம' என்பது வேதியியல் சொல். அப்பொருளில் கரிமம் அல்லாத ஒயினே இல்லை. 'இயற்கை' என்பதோ சேர்க்கைப்பொருள் ஏதுமின்றி வடிக்கும் வேறொரு வகைக்கு உரியது. சான்று பெற்ற செவ்வொயினிலோ கெடாமல் காக்கச் சேர்க்கும் சல்பைட்டு லிட்டருக்கு 100 மில்லிகிராம் வரை இருக்கலாம். இலங்கையில் 'சேதன', தமிழ்நாட்டு அரசு வழக்கில் 'அங்கக' என்பன நிலைபெற்றுள்ளன. அவை பிழையல்ல என்றாலும், கேட்டவுடன் பொருள் விளங்குவது 'உயிர்ம' என்பதே.

ஒயினுக்குத் 'திராட்சரசம்' என்ற விவிலிய வழக்கு உண்டு. நொதியாத சாற்றையும் அது குறித்துவிடுவதுதான் குறை. 'தேறு' என்னும் வினையடியாகப் பிறந்த, மண்டி நீங்கித் தெளிந்ததைச் சுட்டும் 'தேறல்' இதனினும் பொருத்தமானது. யவனர் நற்கலங்களில் கொண்டுவந்த மதுவையே புறநானூற்றின் 56ஆம் பாட்டு 'தண்கமழ் தேறல்' என்கிறது. மத்தியதரைக் கடற்கரை ஒயினுக்கு இச்சொல் புதிதன்று.

ஆகவே 'உயிர்மச் செந்தேறல்' என்பதே என் பரிந்துரை. ஆனால் 2012 அறுவடைக்கு முன் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி வடிமுறையைத் தொடாமல் பழத்தை மட்டுமே கட்டுப்படுத்தியதால், அதற்கு முற்பட்ட புட்டிகளை 'உயிர்மத் திராட்சையில் வடித்த செந்தேறல்' என்று விரித்தெழுதுவதே முறை.